வெளுத்த வானத்தை மாற்றுவது எப்படி? மதுரைப் படங்களோடு ஒரு பயிற்சி

சித்திரை, வைகாசி நண்பகலில் மதுரை வானம் நீலமாக இருப்பதில்லை. அரிசி களைந்த தண்ணீர்போல வெளுத்துக் கிடக்கும். காற்றில் தங்கிய தூசியும் ஈரமும் எல்லா நிற ஒளியையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிப்பதால் நீலம் தனித்துத் தெரிவதில்லை. போதாக்குறைக்கு, கேமரா கோபுரத்தைத் தெளிவாகக் காட்ட முயலும்போது அதைவிடப் பிரகாசமான வானம் வெள்ளையில் கரைந்துவிடுகிறது. மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தின் சுதைச் சிற்பங்கள் அத்தனையும் வண்ணம் குன்றாமல் பதிந்திருக்கும். பின்னால் வெறும் வெள்ளை.

அந்த வெள்ளைக்குப் பதிலாக வேறொரு வானத்தை வைக்கும் வேலையைப் புதிதாகக் கற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மென்பொருள் கிம்ப். இலவசமானது, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். மெனுப் பெயர்கள் திரையில் ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால் அதே பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம். அங்கே பொத்தான்கள்தான் வேறு, வேலை ஒன்றுதான்.

மாற்றத்தான் வேண்டுமா?

முதலில் உங்கள் படத்தில் வானம் உண்மையிலேயே காணாமல் போய்விட்டதா என்று பாருங்கள். கலர் பிக்கர் கருவியால் வானத்தில் நான்கைந்து இடங்களைத் தொட்டு, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் வரும் எண்களைக் கவனியுங்கள். 0 முதல் 255 வரையிலான அளவுகோலில் மூன்றுமே எங்கும் 255 என்றால் அங்கே மீட்க எதுவும் இல்லை. 225, 238, 242 என்று இடத்துக்கு இடம் மாறினால் மேகம் உள்ளே ஒளிந்திருக்கிறது. 'கலர்ஸ்' மெனுவில் உள்ள 'கர்வ்ஸ்' கொண்டு பிரகாசமான பகுதியை மட்டும் கொஞ்சம் இறக்கினாலே வெளியே வந்துவிடும். ரா கோப்பாக, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலத் தரவாக, எடுத்தவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். டார்க்டேபிள், ராதெரப்பி போன்ற இலவச மென்பொருள்களில் திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். படத்தின் சொந்த வானத்துக்கு ஈடாக எந்த ஒட்டு வானமும் வராது.

சில படங்களுக்கு வானம் தேவையே இல்லை. அழகர் ஆற்றில் இறங்கும் காலையில் வைகைக் கூட்டத்தையும், பீய்ச்சி அடிக்கும் தண்ணீரையும் எடுத்த படத்தில் யார் வானத்தைப் பார்க்கப்போகிறார்கள்? மேலே இருக்கும் வெள்ளையை வெட்டிவிடுங்கள், வேலை முடிந்தது.

எந்த வானம் பொருந்தும்?

இந்த வேலையில் தோற்பவர்களில் பெரும்பாலோர் கத்தரிப்பதில் தோற்பதில்லை, வானத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் தோற்கிறார்கள். படத்தில் தரையிலும் சுவரிலும் விழுந்திருக்கும் ஒளி அந்த நேரத்து வானத்திலிருந்து வந்தது. வானத்தை மாற்றினாலும் அந்த ஒளி அங்கேயே நிற்கும். ஆகவே புதிய வானம் அந்த ஒளியைத் தரக்கூடிய வானமாக இருக்க வேண்டும். கீழே இருக்கும் ஒளிதான் மேலே என்ன வானம் வரலாம் என்பதைத் தீர்மானிக்கிறது.

முதலில் நிழலைப் பாருங்கள். மந்தமான நாளில் எடுத்த படத்தில் நிழலுக்குக் கூர்மையான ஓரம் இருக்காது. இருந்தாலும் மங்கலாக இருக்கும். அதன் மேல் பளீரென்ற நீலத்தையும் சுடர்விடும் சூரியனையும் வைத்தால், எங்கே தவறு என்று சொல்லத் தெரியாதவருக்கும் ஏதோ இடிக்கும். அப்படிப்பட்ட படத்துக்குத் திரண்ட மேகங்கள் பரவிய, ஆனால் வடிவம் தெரிகிற வானமே பொருத்தம். நிழல் கூர்மையாக இருந்தால் நீல வானம் வைக்கலாம். நிழல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதற்கு எதிர்ப் பக்கத்தில் வானம் சற்று வெளிச்சமாக இருக்கட்டும்.

அடுத்தது திசை. மதுரைக்காரர்களிடம் இதில் ஏமாற்ற முடியாது. மேலச் சித்திரை வீதியில் நின்று மேற்குக் கோபுரத்தை எடுத்தால் நீங்கள் கிழக்கு நோக்கி நிற்கிறீர்கள். அதன் பின்னால் செக்கர் வானத்தோடு அஸ்தமனச் சூரியனை வைத்தால், உள்ளூர்க்காரர் ஒரு நொடியில் சிரித்துவிடுவார். கீழச் சித்திரை வீதியிலிருந்து எடுத்த கிழக்குக் கோபுரத்துக்குப் பின்னால் அஸ்தமனம் வைக்கலாம். அப்போது கோபுரத்தின் முகம் நிழலில் இருக்க வேண்டும். காலை வெயிலில் மின்னும் முகத்துக்குப் பின்னால் மாலைச் சூரியன் என்றால் வானத்தில் இரண்டு சூரியன் வேண்டும். தெற்குக் கோபுரத்தை எடுக்கும்போது நீங்கள் பார்ப்பது வடக்கு. எந்த மாதத்திலும் சூரியன் அங்கே உதிப்பதும் இல்லை, மறைவதும் இல்லை.

அந்தக் கோபுரத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. மதுரை ஏறத்தாழ 9.9 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் மத்தியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிவேளைச் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால் தெற்குக் கோபுரத்தின் வெளிமுகம் நண்பகலில் நிழலில் இருக்கும். மார்கழி, தை மாதங்களிலோ சூரியன் தெற்கே தாழ்ந்து நகர்வதால் அதே முகம் பகல் முழுக்க வெயிலில் குளிக்கும். ஜூன் மாதப் படமா, ஜனவரிப் படமா என்பதை அந்த முகமே சொல்லிவிடும். வானத்தையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது, கேமரா எவ்வளவு அண்ணாந்திருந்தது என்பது. கோபுரத்தின் அடியில் நின்று மேல்நோக்கி எடுத்த படத்தில் பின்னால் தெரிவது உயரத்து வானம். அங்கே மேகங்களின் அடிப்பாகம் பெரிதாகத் தெரியும், நீலம் அழுத்தமாக இருக்கும். வைகைப் பாலத்திலிருந்து நேராக எடுத்த படத்தில் தெரிவதோ அடிவானம். மேகங்கள் தட்டையாக, அடுக்கடுக்காக, கீழே போகப்போக வெளிறிக்கொண்டே போகும். ஒன்றுக்கு ஒன்றை மாற்றி வைத்தால் பொருந்தாது.

இதற்கெல்லாம் ஒரே வழி, சொந்த வானச் சேமிப்பு. இணையத்தில் கிடைக்கும் வானத் தொகுப்புகளில் பெரும்பாலானவை வேறு நிலத்தின் ஒளி. அவற்றில் சிலவற்றை ஊரெல்லாம் பயன்படுத்திப் பார்த்தவர்களுக்கு மேகமே அடையாளம் தெரிந்துவிடும். நம் ஊர் வானம் மொட்டை மாடியிலேயே கிடைக்கிறது. கோடை மழைக்கு முந்திய பிற்பகல்களில் கோபுரத்தையே விஞ்சி எழும் இடிமேகம், ஆடிக்காற்றில் மேற்கேயிருந்து கிழிந்து கிழிந்து ஓடிவரும் மேகம், ஐப்பசி, கார்த்திகையில் மழை ஓய்ந்த மறுநாள் காலையில் கழுவிவிட்டது போன்ற நீலம். கண்ணில் பட்டபோதெல்லாம், வழக்கமாகப் படம் எடுக்கும் அதே லென்ஸில், வானம் வெளுக்காதபடி வெளிச்சத்தைக் குறைத்து எடுத்து வையுங்கள். கோப்பின் பெயரிலேயே திசை, நேரம், மாதம் மூன்றையும் எழுதிவிடுங்கள்: 'வடக்கு, காலை 8, ஐப்பசி' என்பதுபோல. ஆறு மாதம் கழித்துத் தேடும்போது இதன் அருமை தெரியும்.

நிலவை ஒட்டும் ஆசை பலருக்கு உண்டு. நிலவின் அகலம் வானத்தில் அரைப் பாகைதான். சாதாரண ஃபோன் லென்ஸில் எடுத்த, 4000 பிக்சல் அகலமுள்ள படத்தில் அது 25 முதல் 30 பிக்சல் வரைதான் வரும். கோபுரக் கலசத்தைவிடப் பெரிய நிலவு வைப்பதெல்லாம் கல்யாணப் பத்திரிகைக்குச் சரி. சித்ரா பௌர்ணமி அன்று விடியலில் முழுநிலவு இருப்பது மேற்கில் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதெல்லாம் கணினிக் காலத்துக் குறும்பு என்று எண்ணவேண்டாம். ஆங்கிலேய ராணுவ அதிகாரியும் புகைப்படக்காரருமான கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் 1858-இல் மதுரைக்கு வந்து கோயிலையும் திருமலை நாயக்கர் மஹாலையும் தெப்பக்குளத்தையும் படமெடுத்தார். அந்தக் காலத்து நெகட்டிவ்கள் நீல ஒளிக்கு மட்டும் அளவுக்கு மீறி வினைபுரிந்ததால் அச்சில் வானம் வெறும் வெள்ளையாகவே விழும். மெழுகூட்டிய காகித நெகட்டிவின் மேல் மெல்லிய சாயம் பூசி மேகங்களை அவர் கையால் உண்டாக்கினார். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே என்ற புகைப்படக்காரர் அதற்குச் சற்று முன்பே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று இரண்டைச் சேர்த்து அச்சிட்டிருந்தார். மதுரையின் வெளுத்த வானத்துக்கு வைத்தியம் பார்ப்பது 160 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழக்கம்.

மூன்று லேயர்கள்

முதல் பயிற்சிக்குக் கோபுரத்தை எடுக்காதீர்கள். யானைமலைப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மரமோ கம்பியோ குறுக்கிடாத வழவழப்பான பாறை முதுகு. வானமும் மலையும் சந்திக்கும் கோடு ஒன்றே ஒன்று. அது கைவந்த பிறகு கோபுரம், அதற்குப் பிறகு தென்னை.

படத்தைக் கிம்ப்பில் திறந்ததும் 'ஃபைல்', 'சேவ் அஸ்' கொடுத்து கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமியுங்கள். மூலப் படத்தின் மேல் கை வைக்க வேண்டாம். பிறகு 'லேயர்' மெனுவில் 'டூப்ளிகேட் லேயர்' கொடுங்கள். லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படத்தாள். இப்போது ஒரே படம் இரண்டு லேயர்களாக இருக்கும். அடுத்து 'ஃபைல்' மெனுவில் 'ஓப்பன் அஸ் லேயர்ஸ்' வழியாக வானப் படத்தைக் கொண்டுவந்து, லேயர் பட்டியலில் அடியில் இழுத்து விடுங்கள்.

வரிசை இப்படி இருக்க வேண்டும்: அடியில் புதிய வானம், நடுவில் உங்கள் படம், உச்சியில் மறுபடி உங்கள் படம். உச்சியில் இருப்பதில் வானத்தை மட்டும் மறைக்கப்போகிறோம். நடுவில் இருப்பதற்கு வேறு வேலை. அதன் மோடை, அதாவது கீழ் லேயரோடு கலக்கும் முறையை, 'நார்மல்' என்பதிலிருந்து 'மல்ட்டிப்ளை' என்று மாற்றுங்கள்.

இந்த மல்ட்டிப்ளைதான் முழு வேலையின் உயிர்நாடி. கொஞ்சம் நின்று புரிந்துகொள்வது நல்லது. இந்த மோடில் மேல் லேயரின் பிரகாசமும் கீழ் லேயரின் பிரகாசமும் ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன. முழு வெள்ளையை 1 என்றும் முழுக் கறுப்பை 0 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வானத்தைப் புதிய வானத்தால் பெருக்கினால் கிடைப்பது புதிய வானமே. கரிய ஓலையைப் பெருக்கினால் ஓலை கரியதாகவே நிற்கும். வெள்ளையும் பச்சையும் கலந்த ஓரப் பிக்சலில் வெள்ளை இருந்த அளவுக்கு வானம் வந்து உட்காரும். கத்தரித்து ஒட்டிய படங்களைக் காட்டிக்கொடுக்கும் அந்த வெள்ளை ஓரக்கோடு இந்த ஏற்பாட்டில் எழ வழியே இல்லை.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: நடு லேயரில் பழைய வானம் முழு வெள்ளையாக இருக்க வேண்டும். சாம்பலாக இருந்தால் புதிய வானமும் அந்த அளவுக்கு இருண்டுவிடும். மற்ற இரண்டு லேயர்களையும் கண் குறியை அழுத்தித் தற்காலிகமாக மறைத்துவிட்டு, நடு லேயரைத் தேர்ந்தெடுத்து, 'கலர்ஸ்' மெனுவில் 'லெவல்ஸ்' திறந்து, வலது ஓரத்து வெள்ளை முக்கோணத்தை இடப்பக்கம் நகர்த்துங்கள். பழைய வானத்தின் மிக மங்கலான மூலையும் வெள்ளையாகும் வரை நகர்த்துங்கள். கீழே கட்டடமெல்லாம் வெளுத்துப்போகுமே என்று பயப்படவேண்டாம். அதை உச்சி லேயர் மூடிக்கொள்ளும். பழைய வானத்தில் கருமேகங்களே இருந்தால் இந்த உத்தி எடுபடாது. அவை புதிய வானத்தில் அழுக்காகப் படியும். அப்போது நடு லேயரை அணைத்துவிட்டு மாஸ்க்கை மட்டும் நம்பவேண்டியதுதான்.

மாஸ்க்

மாஸ்க் என்பது லேயரோடு ஒட்டிய கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளை இருக்கும் இடத்தில் லேயர் தெரியும், கறுப்பு இருக்கும் இடத்தில் மறையும், சாம்பலில் பாதி தெரியும். அழிப்பான் கொண்டு அழித்தால் போனது போனதுதான்; மாஸ்க்கில் தவறினால் வெள்ளையைப் பூசி மீட்டுவிடலாம்.

கையால் கோடு இழுத்து மாஸ்க் செய்யத் தொடங்காதீர்கள். கோபுரத்தில் கை நீட்டிய ஒவ்வொரு சிலையின் விரலையும் சுற்றிவர ஒரு வாரம் போதாது. படத்துக்குள்ளேயே ஏறத்தாழத் தயாரான மாஸ்க் ஒன்று இருக்கிறது, நீலச் சேனல், அதாவது படத்தில் எங்கெங்கே எவ்வளவு நீலம் என்பதை மட்டும் காட்டும் கறுப்பு வெள்ளைப் படம். வெளுத்த வானத்தில் நீலம் நிறைய உண்டு. இலை, செங்கல், பாறை, மஞ்சள் காவிப் பூச்சு ஆகியவற்றில் குறைவு. ஆகவே நீலச் சேனலை மட்டும் தனியாகப் பார்த்தால் வானம் வெள்ளையாகவும் மற்றவை கருமையாகவும் பிரிந்து நிற்கும்.

மறைத்த லேயர்களை மறுபடி தெரியவைத்துவிட்டு, லேயர் பட்டியலுக்குப் பக்கத்தில் உள்ள 'சேனல்ஸ்' பட்டியலுக்குப் போங்கள். 'புளூ' என்பதன் மேல் வலது கிளிக் செய்து 'டூப்ளிகேட் சேனல்' கொடுங்கள். கீழே ஒரு நகல் தோன்றும். இப்போது லேயர் பட்டியலுக்குத் திரும்பி உச்சி லேயரைக் கிளிக் செய்து, 'லேயர்' மெனுவில் 'மாஸ்க்', அதற்குள் 'ஆட் லேயர் மாஸ்க்' என்று போங்கள். வரும் பெட்டியில் 'சேனல்' என்பதைத் தேர்ந்து, அந்த நகலைக் காட்டி, 'இன்வர்ட் மாஸ்க்' கட்டத்தில் டிக் செய்யுங்கள். வானம் கறுப்பாகவும் மற்றவை வெளிறிய சாம்பலாகவும் ஒரு மாஸ்க் வந்து உட்காரும். இதற்கிடையில் சேனல் பட்டியலில் கை தவறிக் கிளிக் செய்திருந்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தேர்வில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். ஒன்று விடுபட்டிருந்தால் அதன்பின் நீங்கள் செய்யும் எதுவும் விபரீத நிறத்தில் வரும். காரணம் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மாஸ்க்கின் சிறுபடத்தைக் கிளிக் செய்தால் மாஸ்க் மட்டும் திரை முழுக்கத் தெரியும். அதே நிலையில் 'லெவல்ஸ்' திறந்து, கறுப்பு முக்கோணத்தை வலப்பக்கமும் வெள்ளை முக்கோணத்தை இடப்பக்கமும் நெருக்குங்கள். வானம் முழுக் கறுப்பாகவும் கட்டட ஓரம் வெள்ளையாகவும் பிரியும் இடத்தில் நிறுத்துங்கள். இரண்டையும் முட்டவிட்டால் ஓரம் ரம்பப் பல்லாகிவிடும். நடுவில் கொஞ்சம் சாம்பல் இருக்கட்டும்.

பிறகு கைவேலை. கட்டடத்துக்குள் கறுப்பாகவும் சாம்பலாகவும் திட்டுகள் நிற்கும்: வெள்ளை வேட்டி, வெள்ளையடித்த சுவர், சிலைகளின் கண், வெயில் பட்டு மின்னும் கலசம். லாசோ கருவியால் உள்பகுதியைத் தாராளமாகச் சுற்றி வெள்ளையை நிரப்புங்கள்; ஓரத்துக்குப் பக்கத்தில் மட்டும் சிறிய பிரஷ் எடுங்கள். டி விசை கறுப்பு வெள்ளையைக் கொண்டுவரும், எக்ஸ் விசை இரண்டையும் மாற்றித் தரும். இந்த இரண்டு விசைகளும் விரலில் பழகிவிட்டால் வேலை பாதியாகும். கீழவாசல் பக்கம் போய்ப் புனித மரியன்னை பேராலயத்தின் வெண்கோபுரங்களை எடுத்திருந்தால் நீலச் சேனல் உதவாது. வெள்ளையை வெள்ளையிலிருந்து பிரிக்க அதற்குத் தெரியாது. அங்கே பாத்ஸ் கருவியால் ஓரத்தை வரைந்து தேர்ந்தெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. நேர்கோடுகள் நிறைந்த கட்டடம் என்பதால் அது அவ்வளவு கடினமும் அல்ல.

ஓரத்தில் எங்காவது பழைய வெள்ளை மெல்லிதாக ஒட்டியிருந்தால், மாஸ்க் தேர்வில் இருக்கும்போது 'ஃபில்டர்ஸ்', 'ஜெனரிக்', 'இரோட்' என்று ஒரு முறை கொடுங்கள். மாஸ்க்கின் கறுப்புப் பகுதி ஒரு நூல் அளவு விரிந்து கட்டட ஓரத்தை உள்ளே தள்ளும். வெளியே வந்த அந்த நூல் அளவு இடத்தை நடுவில் இருக்கும் மல்ட்டிப்ளை லேயர் பார்த்துக்கொள்ளும்.

தென்னை, பனை, கம்பி

தென்னங்கீற்றில் புதியவர்கள் மனம் தளர்ந்துவிடுவார்கள். ஒவ்வொரு இலைக்கும் நடுவே வானம் தெரிகிறது, காற்றில் நுனிகள் கலங்கியிருக்கின்றன. அதைத் துல்லியமாக மாஸ்க் செய்ய முயலவே வேண்டாம். கீற்று முழுவதும் உள்ள பகுதியில் மாஸ்க்கைத் தாராளமாகக் கறுப்பாக்கிவிடுங்கள். உச்சி லேயரில் கீற்று மறைந்துவிடும். நடு லேயரின் கீற்று வானத்தோடு பெருக்கப்பட்டு இயல்பாகத் தெரியும். கொஞ்சம் இருண்டு தோன்றலாம். வானத்துக்கு எதிரே நிற்கும் கீற்று நேரிலும் அப்படித்தான் தெரியும். மரத்தின் தண்டு, குலை, அடர்ந்த கொண்டை ஆகியவற்றை மட்டும் வெள்ளைப் பிரஷ்ஷால் மீட்டுக்கொள்ளுங்கள். பனைக்கு இது இன்னும் எளிது, ஓலைகள் விறைப்பாக நிற்பதால்.

மின்கம்பிக்கும் இதே வழிதான். கம்பியை இந்தச் சாக்கில் நீக்கிவிடலாமே என்று தோன்றும். சித்திரை வீதியில் நீக்கலாம். ஆனால் இரண்டு பக்கத்துக் கம்பத்தையும் விட்டுவிட்டு நடுவிலிருக்கும் கம்பியை மட்டும் எடுத்தால் கம்பங்கள் எதற்கு நிற்கின்றன என்று கேள்வி வரும்.

ஒளியை இணைப்பது

இப்போது வானம் உட்கார்ந்துவிட்டது. மூவ் கருவியால் அடி லேயரை நகர்த்தியும், ஸ்கேல் கருவியால் அளவு மாற்றியும் பாருங்கள். மாஸ்க் உச்சி லேயரில் இருப்பதால் வானத்தை எப்படி நகர்த்தினாலும் ஓரம் கலையாது. வானத்தின் கண்ணைக் கவரும் மேகத்தைக் கோபுர உச்சிக்கு நேர் பின்னால் வைக்காதீர்கள். பார்ப்பவர் கோபுரத்தைப் பார்க்க வேண்டும்.

வானத்தின் ஆழத்தைக் குறைப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஏறத்தாழ எப்போதும் புதிய வானம் படத்தைவிட அழுத்தமாகவே இருக்கும். 'கர்வ்ஸ்' கொண்டு வானத்தின் இருண்ட பகுதிகளை உயர்த்துங்கள், 'சாச்சுரேஷன்' என்ற நிறச் செறிவைக் கொஞ்சம் இறக்குங்கள். யானைமலைப் படத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். தொலைவில் மலை தூசிக்கு நடுவே வெளிறி நிற்க, அதற்குப் பின்னால் துல்லியமான நீலம் வந்தால் மலை அட்டையில் வெட்டி வைத்ததாகிவிடும். வானத்துக்கு மேல் ஒரு காலி லேயர் திறந்து, கிரேடியன்ட் கருவியால் அடிவானத்திலிருந்து மேல்நோக்கி மறையும் வெளிர் நிறம் ஒன்றை மெலிதாக இழுங்கள். அந்த நிறத்தை மலையடிவாரத் தூசியிலிருந்தே கலர் பிக்கரால் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, வானத்தின் நிறத்தைக் கீழே கொஞ்சம் இறக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புதிய லேயர். வானத்தின் நடுத்தர நிறத்தால் நிரப்புங்கள். மோடை 'சாஃப்ட் லைட்' ஆக்கி ஒப்பாசிட்டியை, அதாவது லேயரின் அடர்த்தியை, 10, 15 அளவில் நிறுத்துங்கள். மாலை வானமானால் கல்லில் இளஞ்செம்மை ஏறும், மழை வானமானால் குளிர்ச்சி ஏறும். 30-க்கு மேல் போனால் எல்லாமே சாயத்தில் முக்கியதாகிவிடும்.

கடைசியாகப் புள்ளிக் கரடு. ஃபோனில் எடுத்த படத்தில் நுண்ணிய புள்ளிகள் இருக்கும். வானமோ வழவழவென்று இருக்கும். 100 சதவீதத்தில் பெரிதாக்கி இரண்டையும் ஒப்பிட்டு, வான லேயருக்கு 'ஃபில்டர்ஸ்', 'நாய்ஸ்', 'ஆர்ஜிபி நாய்ஸ்' கொஞ்சம் கொடுங்கள்.

தெப்பக்குளம்: கீழேயும் ஒரு வானம்

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் நிறைந்திருக்கும்போது மைய மண்டபத்தை எடுத்த படம் என்றால் வேலை இரட்டிப்பு. மேலே மேகம் மாறியிருக்க, தண்ணீரில் பழைய வெள்ளை வானம் அப்படியே கிடந்தால் எல்லாம் வீண். கீழக்குயில்குடித் தாமரைக் குளத்துக்கும் இதே கதைதான். மழை நின்ற மாசி வீதியின் ஈரத் தாரிலும், நிறுத்தியிருக்கும் காரின் கண்ணாடியிலும்கூட வானம் உண்டு. தேடிப் பாருங்கள்.

வான லேயரை நகலெடுத்து, 'லேயர்', 'டிரான்ஸ்ஃபார்ம்', 'ஃப்ளிப் வெர்ட்டிகலி' கொடுங்கள். தலைகீழான அந்த வானத்தைப் படத்தின் கீழ்ப்பகுதிக்கு நகர்த்தி, குளத்தின் எதிர்க்கரை நீர்விளிம்புக்கு அருகே இரண்டு வானங்களின் அடிவானமும் சந்திக்கும்படி வையுங்கள். படத்தின் நடுக்கோட்டில் மடிக்கக் கூடாது, நீர்விளிம்பில்தான் மடிக்க வேண்டும். அதன் பிறகு 'ஃபில்டர்ஸ்', 'பிளர்', 'லீனியர் மோஷன் பிளர்', கோணம் 90. அலைகள் பிம்பத்தை மேலும் கீழுமாக இழுப்பதால் கலங்கலும் செங்குத்தாகவே இருக்கும்.

இப்போது உச்சி லேயரின் மாஸ்க்கில் தண்ணீர்ப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, கிரேடியன்ட் கருவியால் எதிர்க்கரைப் பக்கம் கறுப்பு, நம் பக்கம் வெள்ளை என்று இழுங்கள். இதற்குக் காரணம் உண்டு. தொலைவில் இருக்கும் நீரைத் தட்டையான கோணத்தில் பார்ப்பதால் அது கண்ணாடிபோலப் பிரதிபலிக்கும். காலடியில் இருக்கும் நீரைச் செங்குத்தாகப் பார்ப்பதால் அங்கே வானம் குறைந்து, தண்ணீரின் சொந்தப் பச்சைதான் தெரியும். மண்டபத்தின் பிம்பமும் கரையோர மரங்களின் பிம்பமும் நடு லேயரில் இருண்ட பகுதிகளாக இருப்பதால் மல்ட்டிப்ளையில் தப்பித்து அப்படியே நிற்கும். அவற்றைத் தனியாக மாஸ்க் செய்ய வேண்டியதில்லை. முன்பு லெவல்ஸ் கொடுத்ததில் நடு லேயரின் தண்ணீரும் வெளுத்திருந்தால், தலைகீழ் வானத்தைக் 'கர்வ்ஸ்' கொண்டு சற்று இருட்டாக்குங்கள். தண்ணீரில் தெரியும் வானம் மேலே இருப்பதைவிட எப்போதும் ஒரு படி மங்கலானது.

சுருக்கு வழிகள்

ஃபோட்டோஷாப்பில் 2020 அக்டோபரில் வந்த பதிப்பு முதல் 'எடிட்' மெனுவில் 'ஸ்கை ரீப்ளேஸ்மென்ட்' இருக்கிறது. லூமினார் 4 என்ற மென்பொருள் அதற்கு ஓராண்டு முன்பே இப்படி ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது. ஒரு கிளிக்கில் மாஸ்க், ஓரம், நிறச்சாயல் எல்லாம் நடந்துவிடும். பெரும்பாலும் நன்றாகவே நடக்கும். கூடவே தரப்படும் வானங்களை விட்டுவிட்டு உங்கள் சேமிப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிவைத் தனித்தனி லேயராக வெளியிடும்படி அமைத்தால் பிறகு கைவேலை செய்ய இடம் இருக்கும். சூரியன் எந்தப் பக்கம் என்பதை மட்டும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எக்ஸ்சிஎஃப் கோப்பை லேயர்களோடு வைத்துக்கொண்டு, 'எக்ஸ்போர்ட் அஸ்' வழியாக ஜேபெக் எடுங்கள். குவாலிட்டி 90 போதும். அதற்கு முன்பு படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி ஒரு முறை பாருங்கள். பெரிதாக்கிப் பார்க்கும்போது தெரியாத பொருத்தமின்மை, வானம் ஒரு பக்கம் கனத்துத் தொங்குவது போன்றவை, சிறிய அளவில் உடனே தெரியும்.

கல்யாண ஆல்பத்திலோ வீட்டுச் சுவரிலோ மாட்டும் படத்துக்கு எந்த வானமும் வைக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. செய்திப் படத்தில் வைக்கக் கூடாது. உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியான வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோவில், படத்தில் இல்லாததைச் சேர்ப்பதும் இருப்பதை நீக்குவதும் விதிப்படி தடை. மற்றப் போட்டிகளில் சில தனிப்பிரிவு வைத்து இதை அனுமதிப்பதுண்டு. அனுப்புமுன் விதியைப் படியுங்கள், வானம் மாற்றியதைக் குறிப்பில் எழுதுங்கள். கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பைக் கேட்டால் கொடுப்பதற்கு அழிக்காமல் வைத்திருங்கள்.